இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடமும் ஒரு முக்காடும்

பம்பாய் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கவே இல்லை. இங்கிலாந்திலிருந்து லீவில் வரும் நர்ஸின் பெட்டியில் சாக்லேட்டையும் ஷாம்பூவையும் தவிர என்ன இருந்துவிடப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னோடு வந்த சபீஹாவின் பெட்டியைத்தான் குடைந்து எடுத்தார். துணிகளுக்கு அடியிலிருந்து சுருட்டி வைத்த டை ஒன்று வந்தது. கரும்பச்சை நிறம், குறுக்கே மெல்லிய மஞ்சள் கோடு. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இது எதற்கு என்பது போல அவர் என்னைப் பார்த்தார். நான் சபீஹாவைப் பார்த்தேன்.

"ஸ்கூல் டை," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எந்தப் பள்ளிக்கூடம் அவளை வெளியே அனுப்பியதோ, எந்தப் பள்ளிக்கூடம் இனி வேண்டாம் என்று அவள் அப்பா முடிவு செய்தாரோ, அதன் டையைத்தான் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள்.

எண்பதுகளின் கடைசி அது. வடக்கு இங்கிலாந்தில், பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஓர் ஊரில் எனக்கு ஆஸ்பத்திரி வேலை. பக்கத்து வீடு சபீஹாவின் அப்பா யூசுப் பாயுடையது. அவர் ஹைதராபாத் ஷாலிபண்டாக்காரர், இங்கிலாந்தில் டவுன் பஸ் ஓட்டினார். நான் சிகந்திராபாத் மாரெட்பள்ளியில் வளர்ந்தவள். ஊரில் மூஸி ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்து ஒருவரை ஒருவர் பார்க்காதவர்கள், கடல் தாண்டிப் போய் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் குடியிருந்தோம். அவர் மனைவி ஷாஹிதா, சபீஹாவுக்கு அம்மி, ஞாயிற்றுக்கிழமை சமைக்கும் கறியில் எனக்கு ஒரு கிண்ணம் வந்துவிடும்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் சபீஹா திடீரென்று தலையில் முக்காடு கட்டிக்கொண்டு போனாள். வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவள் அப்பாவே ஆச்சரியப்பட்டார், கொஞ்சம் பெருமையும் பட்டார். தலைமை ஆசிரியர் கழற்றச் சொன்னார். சீருடையில் முக்காடு கிடையாது, ஆய்வுக்கூடத்தில் நெருப்புப் பக்கத்தில் ஆபத்து என்றார். இவள் மாட்டேன் என்றாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அது ஊர்ச் சண்டையாகிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்தால் இந்த நாட்டுக்காரர் மாதிரி இருக்க வேண்டும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் கடிதங்கள். பாவம், அந்தப் பெண்ணை விடுவிக்க வேண்டும் என்று வேறு சில கடிதங்கள். மசூதிப் பக்கத்து இளைஞர்கள் அவள் படத்தை அச்சிட்டுச் சுவரெல்லாம் ஒட்டி, கீழே 'நம் மானம்' என்று போட்டார்கள். இத்தனை பேரில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் எவரும் இல்லை. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது. கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி தலையில் இல்லாமல் நான் வார்டுக்குள் நுழைந்தால் மேட்ரன் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஒரே ஊர், ஒரே தெரு. என் தலையை மூடு என்கிறார்கள், இவள் தலையைத் திற என்கிறார்கள்.

"போதும் சிஸ்டர்," என்றார் யூசுப் பாய். "எங்க அக்கா ஊர்ல பொண்ணுங்க ஸ்கூல் நடத்துறாங்க. அங்க தலைய மூடினதுக்காக யாரும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க லீவுல போறப்ப கூட்டிட்டுப் போய் அக்கா கையில ஒப்படைச்சிடுங்க."

எனக்கு இரண்டு பக்க டிக்கெட். அவளுக்கு ஒரு பக்கம்தான். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க திரும்பிப் போறப்ப நானும் வரணும்," என்றாள். அப்பாவிடம் சொல்வதுதானே என்றேன். சொல்ல முடியாது என்றாள். ஏன் என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் நாள் மாரெட்பள்ளியில் என் தம்பி நடராஜன் வீட்டில் தங்கினோம். அவன் ஓர் அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சபீஹா குளித்துவிட்டு வந்து, இந்த வீட்டில் முக்காடு போட்டுக்கொள்ளலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"உன் தலை, உன் துணி. என்னைக் கைக்கு, எதுக்கும்மா கேக்குற?" என்றவன், அவள் அந்தப் பக்கம் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாக்கா, லீவுல வந்தா சும்மா இருக்க மாட்டியா? உனக்கு எதுக்கு இந்தப் பஞ்சாயத்து? அந்தப் பக்கம், பழைய ஊர்ல, கலவரம் அடங்கி போன மாசந்தான் கர்ஃப்யூ எடுத்தாங்க."

"பஞ்சாயத்தெல்லாம் இல்லடா. ஒப்படைச்சிட்டு வந்துடுவேன்."

"ஹவ், ஆமா, எல்லாரும் அப்படித்தான் சொல்றது."

இட்லிக்கு அவன் மனைவி வேர்க்கடலைச் சட்னி அரைத்திருந்தாள். சபீஹா ஆறு இட்லி சாப்பிட்டாள். நடராஜனின் மகள் கீதாவுக்கும் இவள் வயதுதான். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை. தலைக்கு வெயிலாக இல்லையா என்று இவளிடம் கேட்டாள். "இங்கே வெயில்தான். எங்க ஊர்க் குளிருக்கு நல்லா இருக்கும்," என்றாள் சபீஹா. இரண்டும் சிரித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டன.

இரவுச் சாப்பாட்டின்போது நடராஜன் தன் தொழிற்சாலையைப் பற்றி எடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை மதியம் பாய்கள் தொழுகைக்குப் போவார்களாம், இவர்கள் அவர்களுடைய மெஷினைப் பார்த்துக்கொள்வார்களாம். ஆயுத பூஜைக்கு இவர்கள் பாய்களின் மெஷினுக்கும் சேர்த்துப் பொட்டு வைப்பார்களாம், பாய்கள் பொரி வாங்கித் தின்றுவிட்டுப் போவார்களாம். "இதுக்கெல்லாம் யாரு மீட்டிங் போட்டது? யாரு பேப்பர்ல எழுதினது?" என்றான்.

இங்கிலாந்தில் யூசுப் பாயின் பஸ் டிப்போவில் இதே வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு எத்தனை கூட்டம், எத்தனை தீர்மானம் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் மொழிபெயர்த்ததைக் கேட்ட சபீஹா மெதுவாக, "அப்படின்னா கர்ஃப்யூ எதுக்கு, அங்கிள்?" என்றாள். நடராஜன் கை கழுவ எழுந்து போய்விட்டான்.

மறுநாள் பழைய நகரத்துக்குக் கிளம்பினோம். ஆட்டோக்காரர் சார்மினார் வரைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டு மூஸி ஆற்று நயாபுல் பாலத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார். கிளட்ச் ஒயர் அறுந்துவிட்டதாம். அந்தப் பக்கம் போக மனமில்லாதவர்களின் ஆட்டோக்களுக்கு அந்தப் பாலத்தில்தான் கிளட்ச் ஒயர் அறுமோ என்னவோ, எனக்குத் தெரியாது. இறங்கி ஒரு சைக்கிள் ரிக்ஷா பிடித்தோம். சபீஹாவின் முக்காட்டைப் பார்த்ததும் ரிக்ஷாக்காரர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய போர்வையை எடுத்தார்.

"முன்னாடி பர்தா கட்டட்டுமா பேட்டீ?"

"நக்கோ, வேணாம், எனக்கு ரோட்டைப் பாக்கணும்," என்றாள் அவள், அப்பாவிடம் கேட்டுப் பழகிய ஹைதராபாத் உருதுவில். அவருக்கு ஒரே குஷி. லண்டன் செருப்புப் போட்ட பெண் நக்கோ சொல்கிறது என்று வழியில் பார்த்த ரிக்ஷாக்காரர்களிடமெல்லாம் கூவிக்கொண்டே மிதித்தார்.

யூசுப் பாயின் அக்கா கதீஜா ஆபாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். உயரமானவர், வெள்ளைப் பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி. கணவர் இல்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர்களைக் கடைசிவரை நான் மனதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. தம்பி மகளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, உடனே ஏழாம் வாய்ப்பாடு தெரியுமா என்று கேட்டார். வாத்தியாரம்மா.

தரையில் விரிப்பு விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். பிரியாணி வந்தது, கத்தரிக்காய்க் குழம்பு வந்தது, வறுத்த கறி வந்தது. எனக்கு மட்டும் ஒரு டிபன் கேரியர் வந்தது. மதராஸி நர்ஸம்மா கறியைக் கண்ணாலும் பார்க்க மாட்டார் என்று, ஒரு பையனை சைக்கிளில் விரட்டி உடுப்பி ஓட்டலிலிருந்து தயிர் சாதம் வரவழைத்திருந்தார்கள். தனியாகப் புதுத் தட்டு, புது டம்ளர். நானோ வேலூர்க்காரக் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வேகாத வீடு எங்களுக்கு வீடே இல்லை. அவ்வளவு அக்கறையோடு செய்ததை எப்படித் தட்டுவது? பிரியாணி என் மூக்கைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, நான் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். சபீஹா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஆன்ட்டி எங்க வீட்டுல வாராவாரம் கறி சாப்பிடுவாங்க," என்று போட்டு உடைத்தாள். கதீஜா ஆபா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு என் தட்டில் விழுந்த பிரியாணிக்கு அளவே இல்லை.

"தப்பா நெனச்சிட்டோம், மன்னிச்சுக்கோங்க," என்று சிரித்தார். "கேட்டிருக்கணும். யாரும் யாரையும் கேக்குறதே இல்ல."

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம். நவாப் காலத்துப் பழைய மாளிகை ஒன்றில் நடந்தது. கேட்டுக்கு உள்ளே நுழைந்ததும் ஒரு நீளமான தாழ்வாரம். சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கறுப்பு புர்கா. வெளியிலிருந்து வரும் பெண்கள் அங்கே கழற்றி மாட்டிவிட்டு, ரெட்டைப் பின்னலும் சிவப்பு ரிப்பனுமாக உள்ளே ஓடினார்கள். எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கிறதே, சாயங்காலம் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டேன். ஆபா ஒரு புர்காவின் கழுத்துப்பட்டையைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள் நூலில் ஒரு தையல். அடுத்ததில் நீலம். அதற்கடுத்ததில் யாரோ ஒரு குறும்புக்காரி சின்னக் கிளி தைத்திருந்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் அங்கிக்கு அடையாளம் வைக்கிற மாதிரிதான்.

உள்ளே முற்றத்தில் பந்தாடிக்கொண்டு ஒரே கூச்சல். சபீஹாவின் முகம் மலர்வதைப் பார்த்தேன். நமக்கு வேலை முடிந்தது என்றுகூட நினைத்துவிட்டேன். ஆபா காலியாக இருந்த ஓர் ஆணியைத் தொட்டுக் காட்டினார்.

"இது உனக்கு. முக்காட்டை மாட்டிட்டு வா, ரிப்பன் தரேன்."

சபீஹா அசையவில்லை.

"இங்க ஆம்பளைங்க யாரும் இல்ல பேட்டா. வாட்ச்மேன்கூட வாசலோட சரி."

"தெரியும் ஃபுப்பூ," என்றாள். ஃபுப்பூ என்றால் அத்தை. "ஆனா கழட்ட மாட்டேன்."

"என் ஸ்கூலுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. உள்ள வந்தா எல்லாரும் ஒண்ணு. பணக்காரி, ஏழை, ஷியா, சுன்னி, ரெண்டு ஹிந்துப் பொண்ணுங்க, எல்லாருக்கும் ரெட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். உனக்கு மட்டும் தனியா வைக்க முடியாது."

"அங்கேயும் இதையேதான் சொன்னாங்க," என்றாள் சபீஹா. "உள்ள வந்தா எல்லாரும் ஒண்ணுன்னு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியரும் ஷாலிபண்டா கதீஜா ஆபாவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல எனக்குத் தோன்றிவிட்டது. ஆபா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் மேட்ரன் தெரிந்தாள். சேர்க்கையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். திரும்பும் வழியில், அவர் கோபமாக இல்லை, குழம்பிப்போயிருக்கிறார் என்று தெரிந்தது. கட்டாயப்படுத்திப் போட வைத்த பெண் என்றால் இங்கே சந்தோஷமாகக் கழற்றியிருப்பாள். மார்க்கத்துக்காகப் போடும் பெண் என்றாலும் பெண்கள் நடுவே கழற்றியிருப்பாள். இவள் எந்தக் கணக்கிலும் வரவில்லையே என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஒருவர் வந்தார். அந்தப் பேட்டையின் அரசியல்காரர். வெள்ளை ஷெர்வானி, அத்தர் வாசனை, மரியாதையான பேச்சு. கர்ஃப்யூ நாட்களில் வீடு வீடாகப் பால் கொண்டுபோய்க் கொடுத்தவர் என்று ஆபாவே சொன்னார். அவருடைய மகளும் ஆபாவின் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை மைதானத்தில் பெரிய கூட்டம் வைத்திருந்தார். இங்கிலாந்தில் பெண்ணைப் பள்ளிக்கூடத்தைவிட்டுத் துரத்திய செய்தி அவர் காதுக்கும் வந்துவிட்டது.

"நீ பேசவே வேணாம் மகளே. மேடையில வந்து நின்னா போதும். மத்ததை நான் பேசிக்கிறேன்."

"என்னன்னு பேசுவீங்க?" என்றாள் சபீஹா.

"ஆட்சி அதிகாரம் நம்ம கையில இல்லாட்டி நம்ம பொண்ணுங்க கதி என்னன்னு பேசுவேன். இங்கிலீஷ்காரன் உன் முக்காட்டைப் பிடுங்கினான்னு சொல்வேன்."

"என்னுதை யாரும் பிடுங்கல," என்றாள். குரல் சட்டென்று ஏறிவிட்டது. "அம்மியோடதைத்தான் பிடுங்கினாங்க."

பிறகு எல்லாம் வந்தது. பஸ் ஸ்டாப்பில் மூன்று பையன்கள். பின்னாலிருந்து ஷாஹிதாவின் முக்காட்டை இழுத்தார்கள். குத்தியிருந்த ஊக்கு கழுத்தைக் கிழித்துவிட்டது. முக்காட்டை ரோட்டில் போட்டு மிதித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

"சுத்தி நின்னவங்க எல்லாரும் பஸ் வருதான்னு பாத்துட்டிருந்தாங்க," என்றாள் சபீஹா. "அப்பா கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மி என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. அப்பா போய் அடிச்சா ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு பயம். அடுத்த நாள்லேர்ந்து நானும் போட்டேன். அம்மி போட்டிருக்கிறவரைக்கும் நானும் போடுறேன்னு சொன்னேன். அவங்க அங்க தனியா பயந்துக்கிட்டு நடக்கிறப்ப, நான் இங்க ஆணியில மாட்டிட்டுப் பந்து விளையாட முடியாது ஃபுப்பூ."

அந்தக் கழுத்துக் கீறலுக்கு மருந்து போட்டவள் நான்தான். அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று ஷாஹிதா சிரித்துக்கொண்டே சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எனக்குக்கூடச் சொல்லவில்லையே என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அரசியல்காரரின் கண்ணும் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. ஆனாலும் அவர் அவர்தானே.

"இதைச் சொன்னா போதும் ஆபா. மைதானமே அழும்."

"மைதானம் அழுதுட்டு வீட்டுக்குப் போயிடும்," என்றார் கதீஜா ஆபா. "இவ அம்மா நாளைக்கும் அதே தெருவுல நடக்கணும்."

அரசியல்காரர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, சபீஹாவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான்காம் நாள் வெளிநாட்டுக்குப் போன் செய்யும் கண்ணாடிக் கூண்டு ஒன்றில் நாங்கள் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். சத்தியத்தை மீறலாமா என்று சபீஹா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில் அவளே அப்பாவிடம் சொன்னாள், எல்லாவற்றையும், நிறுத்தாமல். லைன் போய்விட்டதோ என்று கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு யூசுப் பாய் என்னைக் கேட்டார்.

"சிஸ்டர், ஷாஹிதா உங்ககிட்ட மருந்து போட வந்தாளே, அதுதானா?"

"அதுதான் பாய்."

"நான் அந்த ரோட்லதானே தினம் பஸ் ஓட்டுறேன். அந்த ஸ்டாப்புலதானே நிறுத்துறேன்," என்றார்.

ஆபா போனை வாங்கிக்கொண்டார். "யூசுப், யாரையும் அடிக்கப் போகாதே. நான் சொல்றதைக் கேளு. உன் பொண்ணுக்கு என் ஸ்கூல்ல இடம் கிடையாது. சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குறா. நர்ஸம்மா கூடவே அவளைத் திருப்பி அனுப்புறேன், டிக்கெட் போடு." குரலில் ஒரு பிசிறும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் ஆபா எங்களைப் பத்தர்கட்டிக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். சபீஹாவின் ஸ்கூல் டை அவர் கைப்பையில் இருந்தது. நம் பெண்கள் புடவையைக் கொண்டுபோய் ஜாக்கெட் துணிக்கு நிறம் பார்ப்பார்களே, அந்த மாதிரிக் கடை. கடைக்காரர் டையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு மேட்சிங்கா ஜாக்கெட்டாம்மா?"

"முக்காடு."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் நிறம் என்று வந்துவிட்டால் அவர் விட மாட்டார். பச்சையில் இருந்த அத்தனை பீஸையும் இறக்கினார். ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் டையோடு வைத்துப் பார்த்தார். இது கொஞ்சம் கிளி, இது கொஞ்சம் பாசி என்று அவரே தள்ளினார். ரோட்டில் போன இரண்டு பெண்கள் நின்று அபிப்பிராயம் சொன்னார்கள். கடைசியில் ஒன்று அச்சாகப் பொருந்தியது. அது நைலான். ஆபா வேண்டாம் என்றுவிட்டார்.

"நெருப்பு விஷயத்துல அந்த ஹெட்மாஸ்டர் சொன்னது சரிதான். நைலான் குப்புன்னு பிடிச்சிக்கும். நானும் சயின்ஸ் எடுக்கிறவதானே. காட்டன்ல காட்டுங்க."

இன்னொரு மணி நேரம் போனது. காட்டனிலும் கிடைத்தது.

"லேபுக்குப் போறப்ப முனையை உள்ள செருகிக்கோ," என்றார் ஆபா. "நீயே போய் அவர்கிட்டச் சொல்லு."

"அப்பவும் வேணாம்னு சொன்னா?"

"அப்ப மறுபடி வா. வேற கடைக்குப் போகலாம்."

எத்தனை மீட்டர் என்று கடைக்காரர் கேட்டார். இரண்டு போதும் என்றாள் சபீஹா. "நாலு மீட்டரா வெட்டுங்க," என்றார் ஆபா. வீணாகிவிடும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இங்கிலாந்துக்குத் திரும்பிப் போனபிறகு பள்ளிக்கூட நிர்வாகக் கூட்டம் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். சபீஹா எழுந்து, நெருப்பைப் பற்றி அவர்கள் சொன்னது சரி என்றாள். பிறகு பையிலிருந்து துணியை எடுத்துத் தன் டையின் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். தலைமை ஆசிரியர் எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன் டையையும் தூக்கி அதன்மேல் வைத்துப் பார்த்தார். வாக்குவாதம் ஓயாமல் நடந்தது. எழுந்து வெளியே போனவர்களும் உண்டு. கடைசியில், பள்ளிக்கூட நிறத்தில் இருந்தால், முனையைச் செருகிக்கொண்டால், சரி என்றார்கள். பத்திரிகைக்குக் கடிதங்கள் அப்புறமும் வந்தன. சுவரொட்டி ஒட்டிய இளைஞர்களுக்கு இவ்வளவு சின்ன வெற்றி போதவில்லை. ஆனால் மழையில் அவள் படம் தானாகவே உரிந்து விழுந்துவிட்டது.

அவள் மறுபடி பள்ளிக்கூடம் போன அன்று எனக்கு இரவு டியூட்டி முடிந்து, காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்க ஸ்டாப்பில் வரிசை நின்றது. கரும்பச்சை முக்காடும் டையுமாக சபீஹா. அவளுக்குப் பக்கத்தில் ஷாஹிதா. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவர் அந்த ஸ்டாப்பில் நின்று நான் பார்த்ததில்லை, சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குத்தான் நடந்து போவார். அவர் தலையிலும் அதே கரும்பச்சை. ஆபா ஏன் நாலு மீட்டர் வெட்டச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

யூசுப் பாயின் பஸ் வந்து நின்றது. அவர் கதவைத் திறந்துவிட்டு, டிரைவர் தொப்பியோடு சீட்டிலிருந்து எழுந்து நின்று, அவர்கள் ஏறுவதற்காகக் காத்திருந்தார். வரிசையில் முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரித் தொப்பியை வாசலிலேயே கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். அன்று அதைப் பையிலிருந்து எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, ரோட்டைக் கடந்து போய், ஷாஹிதாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன்.